சுண்டுவிரல்

கைத்தடி கேட்டின் கம்பிகளில் விழ விழ, வெளியே ரோட்டை அடைத்துப் போட்டிருந்த கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ரோகினி அசையவில்லை. பூட்டைப் போட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"திற கேட்டை! என்ர பிள்ளையைப் பாக்க எனக்கு ஆற்ற பெர்மிஷன் வேணும்?"

கதிரேசுவுக்குக் கோபம் வந்தால்தான் யாழ்ப்பாணப் பேச்சு வரும். மலாக்காவிலேயே பிறந்து எண்பதைத் தாண்டிய மனிதர். மற்ற நேரங்களில் ஊரோடு ஒத்துத்தான் பேசுவார். சின்ன வயதில் அப்பா 'இங்க வா' என்று கூப்பிட்டால் ரோகினியும் அண்ணனும் ஓடிப்போய் நிற்பார்கள். 'இஞ்ச வா' என்று கேட்டுவிட்டால் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வார்கள்.

"அப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க. பாக்கணும்னா இத்தன வருஷமா பாத்திருக்கலாம்."

"காரியம் நான்தான் செய்வன். கலியாணம் கட்டாதவனுக்குத் தகப்பன்தான் செய்யோணும். என்ர கையால செய்யிறன். பண்டாரத்தைக் கேட்டுப் பார்!"

அந்தக் கையால்! பார்க்க ஆளில்லாமல் இருந்திருந்தால் கேட்டுக்கு மேலாக எட்டி அந்த முகத்தில் அறைந்திருப்பாள். அண்ணன் கிருபாலன் போன தீபாவளிக்கு புக்கிட் பெருவாங்கில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து, இதே போர்ச்சில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே சொல்லியிருந்தான். "எனக்கு ஒண்ணுன்னா நீ ஒரே ஒரு வேலை செய், ரோகினி. அந்தக் கை என்மேல படாம பாத்துக்க. மத்தது எப்படி வேணா நடக்கட்டும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் சரி என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

இப்போது உள்ளே ஹாலில் படுத்திருந்தான். ஆயர் குரோவில் நடன வகுப்பை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்தவனை ஹைவேக்குத் திரும்பும் இடத்தில் ஒரு லாரி அடித்து, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டும் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்துக் கொடுத்திருந்தார்கள். நெற்றியிலிருந்து தாடை வரை துணி சுற்றியிருந்தது. வேட்டிக்குள் கால்கள் எப்படி இருக்கின்றன என்று ரோகினி கேட்கவில்லை. கைகளில் மட்டும் ஒரு கீறல் இல்லை. இரண்டையும் மார்பின்மேல் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். இடக்கைச் சுண்டுவிரல் பாதியில் மடங்கி, மற்ற விரல்களோடு சேராமல் எப்போதும்போல் தனியாக நின்றது.

அதை மடக்கியவர்தான் வெளியே நின்று கேட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

கிருபாலன் பள்ளிக்கூடம் போன காலத்தில் கதிரேசு ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. துரைக்கு அடுத்தபடி அவர்தான். கிராணி வீட்டுப் பிள்ளைகள் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கிருபாலன் போனான். மாரியம்மன் திருவிழாவுக்கு லயத்துப் பையன்கள் நாடகம் பழகினார்கள். பாஞ்சாலி வேஷத்துக்கு ஆள் அகப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் பந்தடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு இவன் போய்ச் சேலை கட்டிக்கொண்டான். திருவிழா மேடையில் துச்சாதனன் சேலையைப் பிடித்த நேரத்தில் கிராணியார் மேடை ஏறினார். துச்சாதனனை உதைத்துத் தள்ளிவிட்டு, பாஞ்சாலியின் சவுரியைப் பிடித்து இழுத்து, முழங்காலால் முகத்தில் இடித்தார். கூட்டம் இதுவும் கதையில் உண்டு போல என்று கைதட்டியது. பையன் வாயிலிருந்து பல்லும் ரத்தமும் வந்த பிறகுதான் கைதட்டல் நின்றது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு இழுத்து வந்து, சாப்பாட்டு மேசைமேல் அவன் இடக்கையை அழுத்திப் பிடித்தார். மற்றக் கையில், ஆபீஸில் கூலிக் கணக்குச் செக்ரோலுக்குக் கோடு போடுகிற உருட்டு ரூல்தடி, கருங்காலி மரம்.

"இந்தக் கையைத்தானே நெளிச்சு நெளிச்சுக் காட்டினாய்? இப்ப காட்டு பாப்பம்!"

முதல் அடியிலேயே விரல் போய்விட்டது. அவர் நிறுத்தவில்லை. அம்மா அன்னபாக்கியம் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவளுக்கும் முதுகில் விழுந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த ரோகினி நின்றபடியே பாவாடையை நனைத்துக்கொண்டாள். கதவிடுக்கில் கை மாட்டிக்கொண்டது என்று அம்மா டிஸ்பென்சரியில் சொன்னாள். டிரெஸ்ஸரும் நம்பியவர் போலக் கட்டுப் போட்டார். கட்டைப் பிரித்தபோது விரல் நிமிரவில்லை. கிருபாலனும் அந்த வீட்டில் நிற்கவில்லை.

தோட்டம் தோட்டமாக லாரியில் போய் நாடகம் போடுகிற ஒரு குழுவில் சேர்ந்துகொண்டான். பெண் வேஷம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டான். கீசகன், கம்சன், இரணியன் என்று அடிக்கிறவன் வேஷம் எதுவானாலும் அவனுக்குத்தான். மேடையில் அவன் அடித்தால் அடி நிஜமாகவே விழும். கூட நடித்தவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தார்கள். ஒருநாள் வசுதேவர் வேஷம் போட்ட தேவன் என்பவனின் கழுத்தைப் பிடித்தவன், வசனம் முடிந்தும் விடவில்லை. திரையை இறக்கிவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்கள். தேவன் நாக்கு வெளியே தள்ளி நீலம் பாரித்துக் கிடந்தான். பிழைத்தது அவன் அம்மா செய்த புண்ணியம்.

அன்றைக்குத்தான் கிருபாலன் ரோகினியிடம் வந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "அந்த நேரம் என் கையில்ல, ரோகினி. அப்பா கை. அப்பா கைதான் என்கிட்ட இருந்துச்சு."

நாடகத்தை அன்றோடு தலைமுழுகினான். தாடியும் மீசையுமாக, பாவாடைச் சிறுமிகளுக்குப் பின்வரிசையில் நின்று, அரைமண்டியிலிருந்து பரதம் கற்றுக்கொள்ளத் தொடங்கினான். இந்த வயதில் இது என்ன கூத்து என்று ரோகினி கேட்டதற்கு, "டான்ஸ்ல யாரை வெட்டினாலும் கத்தி ஒரு சாண் முன்னாடியே நின்னுரும்லா. எனக்கு அது வேணும்" என்றான். அதற்குப் பிறகு அவன் யார்மீதும் கை ஓங்கி அவள் பார்த்ததில்லை. மகிஷாசுரனாக ஆடினாலும் அந்தச் சாண் இடைவெளி குறைந்ததில்லை.

"அம்மா." மகன் பிரஷாந்த் பின்னால் வந்து நின்றான். "பண்டாரம் வந்துட்டாரு. எவ்ளோ நேரம் பூட்டி வைக்கிறது? மாமாவ வெளிய கொண்டு போயாகணும்லா."

அதுவும் உண்மைதான். கேட்டுக்கு அந்தப் பக்கம், சடங்கு செய்ய வந்த பண்டாரம் செம்பும் தேங்காயுமாக விழித்துக்கொண்டு நின்றார். ரோகினி முடிச்சை அவிழ்த்துக் கேட்டைத் திறந்தாள். பையன்கள் கிருபாலனைத் தூக்கிவந்து கூடாரத்தின் நடுவில் பெஞ்சில் கிடத்தினார்கள். அவள் தலைமாட்டில் வாய்க்கரிசிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டாள். கதிரேசு ஆட்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நேராக வந்தார்.

"தள்ளு."

"தொடக் கூடாது."

"தள்ளடி எண்டா தள்ளு!"

"எந்தக் கையால தொடுவீங்க? ரூல்தடி பிடிச்ச கையாலயா?"

தடி சுழன்று அவள் நெற்றியில் விழுந்தது. புருவத்துக்கு மேல் பிளந்துகொண்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கிண்ணம் கைதவறி, அரிசி ரோட்டில் சிதறியது. அடுத்த அடிக்கு ஓங்கிய தடியைப் பிரஷாந்த் பறித்தான். பறித்த கையோடு தாத்தாவின் வாயில் ஒரு குத்து விட்டான். கிழவர் பிளாஸ்டிக் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு விழுந்தார்.

"எங்கம்மாவ அடிப்பியா? மாமாவ அடிச்சது பத்தலையா உனக்கு? சாவு!"

பிரஷாந்த் தடியை ஓங்கினான். முழங்கை வெளியே தள்ளி, மணிக்கட்டு மடங்கி, கீழுதட்டைப் பல் கடித்திருந்தது. அந்த ஓங்கலை ரோகினி முன்பே பார்த்திருக்கிறாள், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில். பெற்று வளர்த்த பிள்ளையிடம் அதைக் கண்டதும் கத்தினாள்.

"பிரஷாந்த்! கீழ போடுடா! போடு!"

அவன் தன் கையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தடியை நழுவவிட்டான்.

"யா அல்லா, என்ன மனுசங்க நீங்க!" என்று பக்கத்து வீட்டு ரம்லா அக்கா ஓடிவந்தார். "மையத்த நடுவுல வச்சிக்கிட்டு இப்படியா வெட்டிக்குவீங்க?" தன் துப்பட்டியின் ஓரத்தை ரோகினியின் நெற்றியில் அழுத்தினார். கிழவரையும் அவரேதான் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். கதிரேசுவின் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. பண்டாரம் சிதறிய அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வேன் வந்து நின்றது. கிருபாலனின் மாணவிகள் இறங்கினார்கள். எல்லோரும் வகுப்பில் உடுத்தும் பருத்திச் சேலை கட்டியிருந்தார்கள். முதலில் வந்தவள் பாக்கியலட்சுமி, அவனிடம் ரொம்ப காலம் கற்றவள், பத்து பெரண்டாம் என்கிற ஊரில் ஃபேக்டரி சூப்பர்வைசர். ரோகினியின் நெற்றியையும் உருண்டு கிடந்த நாற்காலிகளையும் பார்த்தாள்.

"அக்கா, மாஸ்டருக்கு நமஸ்காரம் பண்ணிக்கிறோம். வகுப்பு முடிஞ்சா பண்றதுதான். கொஞ்ச நேரம்."

ரோகினி தலையசைத்தாள். தார் ரோட்டில் வரிசையாக நின்றார்கள். பாட்டில்லை, மத்தளமில்லை. பாக்கியலட்சுமி சொல்கட்டை வாயால் சொல்ல, வெறும் பாதங்கள் தாரில் ஒன்றாக விழுந்தன. கைகள் மார்பிலிருந்து விரிந்து இரு பக்கமும் நீண்டன. விரல்களெல்லாம் சேர்ந்து நேராக நிற்க வேண்டிய முத்திரை அது.

நிற்கவில்லை. அத்தனை பேரின் இடக்கையிலும் சுண்டுவிரல் பாதியில் மடங்கித் தனியாக நின்றது.

மாஸ்டர் கையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கைகள். இலக்கணமே அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். போட்டிகளில் இதற்காகவே மார்க் குறைத்திருக்கிறார்கள். "நீயாச்சும் திருத்தக் கூடாதாண்ணே?" என்று ரோகினி ஒருதரம் கேட்டிருக்கிறாள். "திருத்தினா ஏன்னு கேப்பாங்க. அப்புறம் சொல்லணும்ல" என்று பேச்சை முடித்துவிட்டான்.

கைகள் தரையைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, மறுபடி விரிந்தன. கதிரேசு நாற்காலியிலிருந்து எழுந்தார். பெஞ்சில் கிடந்த கையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். மறுபடியும் பெஞ்சைப் பார்த்தார். தடி இல்லாமல் தடுமாறியபடி பாக்கியலட்சுமிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஏன் இப்படிப் பிடிக்கிறீங்க?" குரல் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணப் பேச்சு போய்விட்டிருந்தது. "விரல நேரா வைங்கம்மா."

"எங்களுக்கு இப்படித்தான் வரும் தாத்தா. மாஸ்டர் இப்படித்தான் பிடிப்பாரு."

அவர் அவளுடைய இடக்கையைப் பிடித்து, சுண்டுவிரலை இரண்டு விரலால் மெதுவாக நிமிர்த்திவிட்டார். அது நிமிர்ந்தது. கையை எடுத்ததும் மடங்கிக்கொண்டது. அடுத்தவளிடம் போனார். அதற்கடுத்தவளிடம் போனார். ஒவ்வொரு விரலையும் நிமிர்த்திவிட்டு, அது மடங்குகிறவரை நின்று பார்த்தார். அந்தப் பெண்கள் பெரியவர் மனம் நோகக் கூடாதே என்று கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை முடிந்த இடத்தில் பெஞ்சு இருந்தது.

ரோகினி தரையில் கிடந்த தடியை எடுத்துக்கொண்டாள். தொட்டால் அடிக்கத்தான் போகிறாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கதிரேசு குனிந்தார். அவருடைய வலக்கை, நரம்பு புடைத்து, உதட்டு ரத்தம் காய்ந்து, மகனின் சுண்டுவிரலை நோக்கி இறங்கியது.

ஒரு சாண் முன்னால் நின்றது.

"பெரியவரே, வாய்க்கரிசி..." என்று பண்டாரம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பேரன் போடுவான்" என்றார் கதிரேசு. கையை எடுக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை. ரம்லா அக்கா வீட்டிலிருந்து வேறு அரிசி வந்தது. பிரஷாந்த் அந்தக் கைக்கு அடியில் தன் கையை நுழைத்து மாமாவின் வாயருகே அரிசியைப் போட்டான். ரோகினி தடியோடு பார்த்துக்கொண்டே நின்றாள். கிழவரின் கை அங்கேயே நின்றது.