ஓட்டை அடைக்கிற குடும்பம்

1

கதை பிறந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி தன் அண்ணனோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. நியாயமாகப் பார்த்தால் அவள் பேசாமல் இருக்க வேண்டிய ஆள் வேறு ஒருவன். அவனை எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தெரியும். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாததை எல்லாம் எழுதிக் காலம் தள்ளுகிறவன் நான், அதனால் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘கொட்டகைக்குள் ஒரு வெள்ளைப் பறவை சிறகு மடக்கி…’

அடித்துவிட்டேன். அது பறவை இல்லை, இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். இறக்கையை மடக்காது. பறவை என்று எழுதினால் மனைவி தாளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

இரண்டாம் தொடக்கம்: ‘சாயம் பூசுவது என்பது ஒருவகையில் மறதியை…’

இதையும் அடித்தாயிற்று. பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசனை வர வேண்டிய இடத்தில் கட்டுரை வாசனை வருகிறது.

2

நேராகவே வருகிறேன். என் மனைவி பல் மருத்துவர். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிப்பவர். நான் கதை எழுதுகிறேன். அவள் பல்லில் ஓட்டை அடைக்கிறாள், அவர் தகரத்தில் அடைக்கிறார், நான் கதையில் அடைக்கிறேன்.* மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு ஓட்டையில்தான் வந்து முடியும்.

(* என் பதிப்பாசிரியருக்கு ஒரே ஒரு விமர்சனம்தான் தெரியும்: “சார், கதையில ஒரு ஓட்டை இருக்கு.” பதினாறு வருடமாக அடைத்துக்கொண்டிருக்கிறேன்.)

மனைவிக்குப் பறக்கிற பைத்தியம். உரிமம் வாங்கி, பழைய விமானம் ஒன்றையும் வாங்கிவிட்டாள். எஞ்சின் நன்றாக இருந்தது, மேல்பூச்சுதான் உரிந்து தொங்கியது. மச்சான் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“பாப்பா, இந்தத் தும்பிக்கு வேற ஆளைத் தேடினேன்னு வை, அப்புறம் நான் உன் வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன்.”

பாப்பாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கண்கலங்கிச் சரி என்றாள்.

3

இரண்டு வாரம் கழித்துத் துணியை விலக்கிக் காட்டினார். பளபளப்பில் என் வழுக்கை தெரிந்தது. பிறகு கிட்டே போனோம்.

கதவுக்குக் கீழே பெயிண்ட் வடிந்து உறைந்திருந்தது. இடது இறக்கையில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. நேராக ஓட வேண்டிய மஞ்சள் கோடு பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் வளைந்து திரும்பியது. இத்தனைக்கும் மேலே, வாலுக்கு முன்னால், கொட்டை எழுத்தில்: இடைவெளி விடவும்.

“இது எதுக்குண்ணா?”

“பின்னாடி வர்றவனுக்குத்தான். எல்லா வண்டிக்கும் எழுதுவோம்ல.”

“பின்னாடி யாரு வரப் போறா?”

“வந்தா?”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் வாலின் அசைகிற பலகையை விரலால் தட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

“அண்ணா, எத்தனை கோட்டு அடிச்சே?”

“அஞ்சு. வெளியாளுக்கு மூணுதான். நீ கூடப்பிறந்தவளாச்சே.”

“வால் கனமாயிடுச்சுண்ணா. இதோட பறந்தா காத்துல படபடன்னு ஆடி பிஞ்சு போயிடும். சுரண்டணும்.”

பாசத்தில் கூட்டிய இரண்டு பூச்சையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் மச்சான் அடுத்த நாள் காலையிலேயே வந்து, வாலை வெறும் தகரம் தெரியச் சுரண்டி, மெலிசாக ஒரே கோட்டு அடித்தார். கொசுவையும் எடுத்தார். அத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் கதை எழுதும் வேலையே இல்லை.

4

பறப்பதற்கு முன்னால் விமானத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க மெக்கானிக் அக்கா வந்தார். டார்ச்சை அடித்துக்கொண்டே விமானத்தின் பக்கவாட்டில் நின்றுவிட்டார்.

“இங்க இருந்த ஓட்டை எங்க?”

விஷயம் தெரியாதவர்களுக்கு: விமானத்தின் விலாவில் குண்டூசித் தலையளவு ஓட்டை ஒன்று உண்டு. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போய் உயரம் காட்டும் முள்ளை நகர்த்தும். அடைத்துவிட்டால் மூவாயிரம் அடி மேலே போனாலும் முள் ‘தரையில்தான் இருக்கிறோம்’ என்று சாதிக்கும். அந்த ஓட்டையைப் பட்டி மாவு அப்பி, மேலே லேசாக வெள்ளை தொட்டு மூடியிருந்தார்கள். அக்கா மெல்லக் குத்தி எடுத்துச் சுத்தம் செய்து சோதித்தார், முள் நன்றாகவே நகர்ந்தது. ஆனால் என் மனைவி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“என்னைக் கொல்லப் பாத்தியா?”

“நான் அடைக்கலை பாப்பா. டேப் ஒட்டித்தான் அடிச்சேன். அப்புறம் பிச்சுட்டேன்.”

“பொய் வேற சொல்றியா?”

மச்சான் அக்கா பெயர்த்தெடுத்த பட்டிச் சில்லைக் கையில் வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

5

இந்த இடத்தில் மச்சான்மேல் எனக்கு எழுத்தாளன் என்ற முறையில் சந்தேகம் வர வேண்டும். வந்தது மாதிரி ஒரு பிரதி எழுதியும் பார்த்தேன். அதில் அவர் கவனமில்லாதவர், அரட்டைக்காரர், பிரஷ்ஷைக் கழுவாதவர். நம்பவே முடியவில்லை. நிஜத்தில் அவர் தன் பிரஷ்ஷைக் குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுவதுபோல் இரண்டு முறை அலசுவார். வாசகருக்கும் இதற்குள் பொறி தட்டியிருக்கும்.

வாலைச் சுரண்டி மறுபடி அடித்த அன்று மதியம் மச்சான் டேப்பைப் பிய்த்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். உப்புத்தாள் தேய்க்க உதவிக்கு வந்த ஒருவன் தனியாக நின்றுகொண்டு

[வாக்கியம் நின்றுவிட்டது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.]

அந்த ஒருவன் நான்தான். அத்தனை பளபளப்புக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டை. பதிப்பாசிரியரின் குரல் காதில் கேட்டது. பட்டி டப்பா பக்கத்திலேயே இருந்தது. அடைத்து, வெள்ளையும் தொட்டுவிட்டு, எவ்வளவு நேர்த்தி என்று தள்ளி நின்று ரசித்தேன். மெக்கானிக் அக்கா கேட்டபோது எனக்கு நாக்கு எழவில்லை. என் மனைவி பறந்து செத்திருப்பாள் என்ற நினைப்பிலேயே உறைந்து நின்றேன். அந்த நேரத்துக்குள் மச்சான் போயே போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள் சில வைத்திருக்கிறேன்.

அ. நான் சொல்கிறேன், அவள் மன்னிக்கிறாள். (இவ்வளவு சுலபமா? என் மனைவியை உங்களுக்குத் தெரியாது.)

ஆ. நான் சொல்லாமலே அண்ணனும் தங்கையும் ஏதோ ஒரு கல்யாணத்தில் சமாதானமாகிறார்கள். (கோழையின் முடிவு. ஒன்பது நாளாக நான் நம்பியிருப்பது.)

இ. இந்தத் தாள்களைச் சாப்பாட்டு மேஜையில் ‘மறந்து’ வைத்துவிட்டு

7

வைத்தேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். நான் சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினேன். கூடத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு:

“இங்க வாங்க.”

போனேன்.

“உங்க பல்லு எல்லாத்தையும் மயக்க மருந்து இல்லாம புடுங்கணும்.”

“சரி.”

“வழுக்கை தெரிஞ்சதுன்னு எழுதினது மட்டும்தான் இதுல உருப்படி.”

சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். மச்சான் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், ஒன்பது நாளாகப் போனைக் கையிலேயே வைத்திருந்தவர்போல.

“அண்ணா, அடைச்சது இவரு.”

“தெரியும் பாப்பா.”

“தெரியுமா?”

“பட்டியில விரல் ரேகை இருந்துச்சு. பெயிண்டர் எவனும் விரலால பட்டி வைக்கமாட்டான். பட்டி போடற தகடு எதுக்கு இருக்கு?”

“அப்ப ஏன் சொல்லலை?”

“மெக்கானிக்கம்மா நின்னுட்டிருந்தாங்க. அவங்க முன்னாடி மாப்பிள்ளையை எப்படிக் காட்டிக் கொடுக்கறது? நீ இருந்த கோவத்துக்கு அவரு தாங்கமாட்டாரு. நான்னா பழகிருச்சு.”

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும். அந்தப் பக்கம் மச்சான், “வால் இப்ப கனமில்லையே?” என்று கேட்டார்.

8

சனிக்கிழமை காலை, நல்ல வெளிச்சம், மெல்லிய காற்று. விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே தள்ளினோம். கோடு இன்னும் வளைந்துதான் இருந்தது. நேராக்கித் தருகிறேன் என்று மச்சான் சொன்னதற்கு அவள் சம்மதிக்கவில்லை. ‘இடைவெளி விடவும்’ என்பதையும் அழிக்கவிடவில்லை. விலாவில் அந்தக் குட்டி ஓட்டை திறந்திருந்தது. அதைச் சுற்றி மச்சான் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, பொடி எழுத்தில் ‘மாப்பிள்ளை தொடக்கூடாது’ என்று எழுதியிருந்தார்.

அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். பக்கத்தில் ஓர் இருக்கைதான்.

“ரெண்டு பேர்ல யாரு வர்றீங்க?”

“மாப்பிள்ளை, நீங்க போங்க.”

“இல்ல மச்சான், நீங்கதான் முதல்ல.”

“சீக்கிரம்!” என்றாள் அவள். எஞ்சின் உறுமியது. எங்களில் ஒருவரின் தொப்பி பறந்தது, இன்னொருவர் ஓடிப்போய் ஏறினார்.

யார் என்று பதிப்பாசிரியர் கண்டிப்பாகக் கேட்பார். கதையில் ஓட்டை என்பார். நீங்களும் கேட்பீர்கள். பக்கத்து இருக்கையில் பறந்தது ____________.

உங்களுக்குப் பிடித்த ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எழுத மனமில்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள், கெட்டுப்போகாது. பட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள்.