புதன்கிழமைக் கைப்பேச்சு

உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் அப்படி என்னதான் வேலை இருக்கிறது என்று என் நாத்தனார் அடிக்கடி கேட்பார். "புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறது, திரும்பி வந்தா வாங்கி வைக்கிறது. அவ்வளவுதானே?" நான் விளக்கத் தொடங்கினால் கொட்டாவி விடுவார். காலையில் பிரிண்ட் எடுக்க வரும் கூட்டம், முதுகு கிழிந்த புத்தகங்களுக்குப் பசை, மதியம் வாசிப்பு வட்டம், இணையத்தில் எதை நம்பலாம் என்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம், எங்களிடம் இல்லாததை நகர நூலகத்திலிருந்து தருவிப்பது. இதெல்லாம் போக, கேள்விப் பெட்டி.

அது மூடியில் கீறல் போட்ட ஷூ பெட்டி. பெயர் எழுதாமல் யார் வேண்டுமானாலும் கேள்வி போடலாம். வெள்ளிக்கிழமைகளில் பதிலையும், எந்த அலமாரியில் தேட வேண்டும் என்பதையும் பலகையில் குத்தி வைப்பேன். 'நாய் ஏன் தும்முகிறது', 'கணக்கு டீச்சருக்கு எப்போது கல்யாணம்' போன்றவைதான் பெரும்பாலும் வரும். இரண்டாவதற்கு, 'நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை' என்று பதில் போட்டேன்.

இரண்டாம் பருவம் தொடங்கிய வாரத்தில், நான்காக மடித்த சீட்டு ஒன்று விழுந்தது. 'ஒருவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது கேட்காமல் போகிறது. அவர் சைகை மொழி கற்க முடியுமா? எந்த வயது வரை?' எழுத்துகள் ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் இருந்தன. கையெழுத்தை மறைக்கத்தான்.

ஏதோ ஒரு பிள்ளையின் அப்பாவுக்காக இருக்கும் என்று நினைத்தேன். 'எந்த வயதிலும் கற்கலாம்' என்று பதில் போட்டு, நகர நூலகத்திலிருந்து படங்கள் நிறைந்த இரண்டு புத்தகங்களை வரவழைத்து ஜன்னலோரம் வைத்தேன். யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. ஆனால் உள்ளே இருந்த அடையாளத் துண்டு மட்டும் நாளுக்கு நாள் பக்கம் மாறிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் கழித்து இன்னொரு சீட்டு. 'படம் புரிகிறது. ஆனால் கை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்று தெரியவில்லை.'

நியாயமான புகார். கைகளைப் படத்தில் நிறுத்தலாம், ஓட வைக்க முடியாது. அப்போதுதான் வாயாடியின் நினைவு வந்தது.

பத்தாம் வகுப்பு மாணவி அவள். அவள் பேச்சை நிறுத்த முடியாத ஆசிரியர்கள் அவளை நூலகத்துக்குத் தண்டனையாக அனுப்பி வைப்பார்கள். இங்கே வந்து என்னிடம் பேசுவாள். பள்ளிக்குப் பின்தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அவள் அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நூலகத்துக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்கப் போனபோது, தாயும் மகளும் கையால் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மகள் கையும் வாயைப்போலவே ஓயவில்லை.

"புதன்கிழமை மதியம் அரை மணி நேரம் வகுப்பு எடுக்கிறியா?" என்று அவளைக் கேட்டேன்.

"நானா மிஸ்? என்னை வாயை மூடச் சொல்றவங்கதான் இங்க ஜாஸ்தி."

"இதுல வாயை மூடிக்கிட்டுத்தான் சொல்லித் தரணும்."

யோசித்தாள். "யாரு வருவாங்க?"

"ஒருத்தராவது வருவாங்க. யாருன்னு எனக்கே தெரியாது."

'கைப்பேச்சு வகுப்பு' என்று சுவரொட்டி ஒட்டினேன். முதல் புதனன்று பதினான்கு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் அதைக் 'கைப்பேசி' என்று வாசித்துவிட்டு, பள்ளியில் போனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று வந்தவர்கள். விஷயம் தெரிந்ததும் நான்கு பேர் நழுவினார்கள். மற்றவர்கள் வெளியே மழை தூறியதால் உட்கார்ந்தார்கள்.

சற்று நேரத்தில் விசில் சார் வாசலில் வந்து நின்றார். இருபத்திரண்டு வருடமாக எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். அவர் விசில் மூன்று தெருவுக்குக் கேட்கும். "என் ஃபுட்பால் டீம் பொண்ணுங்க பாதி இங்க இருக்காங்க. ஒழுங்கா இருக்காங்களான்னு பார்க்கிறேன்," என்று கடைசி நாற்காலியில் அமர்ந்தார்.

வாயாடி கரும்பலகையில் 'இனி யாரும் பேசக் கூடாது' என்று எழுதினாள் என்றால் நம்ப மாட்டீர்கள். எழுதினாள், தானும் பேசவில்லை. வணக்கம், தண்ணீர், பசி, போ, வா. நூலகம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு சிரிப்பையும் பார்த்ததில்லை.

அடுத்த புதன் நல்ல வெயில். அன்றும் விசில் சார் வந்தார். மூன்றாம் வாரம், அவருக்குப் பின்னால் ஒரு மாணவி அட்லஸ் அடுக்கைத் தட்டிவிட்டாள். எல்லாரும் திடுக்கிட்டுத் திரும்பினோம். அவர் மட்டும் திரும்பவில்லை. மேசைக்கு அடியில், முழங்கால்மேல், அவர் கைகள் 'தண்ணீர், தண்ணீர்' என்று பழகிக்கொண்டிருந்தன.

வாயாடியும் கவனித்துவிட்டாள் போலிருக்கிறது. அவர் நாற்காலியை முன்வரிசைக்கு இழுத்துப் போட்டாள்.

அதற்கடுத்த வாரம் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அந்தச் சீட்டு நான் போட்டதுதான்," என்றார்.

நேராக அவர் முகம் பார்த்து, "தெரியும் சார்," என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"போன வாரம். அட்லஸ் விழுந்தப்ப."

"என்ன விழுந்துச்சு?" என்று கேட்டவர், தானே சிரித்துவிட்டார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இடது காது போய் இரண்டு வருடம் ஆகிறதாம். வலதும் அதே வழியில் போகிறதாம். கருவி வைத்தால் கொஞ்ச காலம் ஓடும், அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். "வீட்டுலகூட சொல்லல. டிவியை ஏன் இப்படி அலற விடுறீங்கன்னு அவகூட தினமும் சண்டை. இங்க தெரிஞ்சா மைதானத்தை விட்டுட்டு ஓரமா உட்காரச் சொல்லிருவாங்க."

"யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன்."

"அப்ப அதுவும் ஒரு கேள்விதானே சார். பதில் தேடுறதுதான் என் வேலை."

அலுவலகத்தின் பழைய பீரோவிலிருந்து பணி விதிகளின் தொகுப்பைத் தோண்டி எடுத்தேன். புரியாத இடங்களுக்குக் கல்வித் துறைக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் காத்திருக்க வைத்து இசை போட்டார்கள். நான்காம் நாள், உரிய பக்கத்தில் துண்டு வைத்து அவரிடம் நீட்டினேன். வேலையை விட வேண்டியதில்லை. மைதானத்தில் உதவிக்கு ஒருவரைக் கேட்டு வாங்கலாம். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"இதைக் கேட்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார்.

தலைமையாசிரியையிடம் அவரே போய்ச் சொன்னார். அம்மையாருக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் கோபம். "மீட்டிங்ல நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினீங்களே, அதெல்லாம் கேட்காமத்தானா?"

வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அடுத்த புதனன்று அவர் மனைவி கைப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "வருஷக்கணக்கா வாயால சண்டை போட்டாச்சு. இனிமே கையால போடவாவது கத்துக்கணுமே," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

பருவக் கடைசியில் பக்கத்துப் பள்ளியோடு கால்பந்து ஆட்டம். பார்வையாளர் கூச்சலில் அவர்கள் பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தியும் ஒன்றும் எடுபடவில்லை. விசில் சார் கோட்டுக்கு வெளியே நின்று கையை அசைத்தார். எதிர்முனையில் இருந்த பெண்கள்வரை புரிந்துகொண்டு இடம் மாறினார்கள். ரகசியக் குறியீடு கொடுக்கிறார் என்று அந்தப் பயிற்சியாளர் நடுவரிடம் புகார் சொன்னார். வாயாடி ஓடிப்போய், அது ரகசியம் இல்லை, மொழி என்று பத்து நிமிடம் விளக்கினாள். நடுவர் அவளிடமிருந்து தப்பிக்கவே ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஆட்டம் சமனில் முடிந்தது.

பெற்றோருக்காக நூலகத்தைத் திறந்து வைக்கும் நாள் அதே மாதத்தில் வந்தது. தையல்கடை அம்மா அதுவரை பள்ளிக்கூட்டம் எதற்கும் வந்ததில்லை. வந்து யாரோடு பேசுவது? அன்று மகள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். வாசலில் தயங்கியவரைப் பார்த்து, உள்ளே இருந்த இருபது பிள்ளைகளும் கையால் வணக்கம் சொன்னார்கள். அவர் ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாருக்கோ என்று.

விசில் சார் முன்னால் போய், 'உங்கள் மகள் நன்றாகக் கற்றுத் தருகிறாள்' என்று சொல்ல முயன்றார். கை வழுக்கி, 'உங்கள் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள்' என்று போய்விட்டது. அந்த அம்மா தோள் குலுங்கச் சிரித்தார். சாரின் மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைச் சரியான இடத்தில் வைத்துவிட்டார்.

அந்த அம்மாவுக்குப் பெற்றோருக்கான நூலக அட்டை ஒன்று போட்டுக் கொடுத்தேன். அலமாரி அலமாரியாக நடந்துவிட்டு வந்து, எத்தனை எடுக்கலாம் என்று கையால் கேட்டார். விதிப்படி இரண்டு. நான் நான்கு விரல் காட்டினேன். அவர் என் கட்டைவிரலையும் சேர்த்து எண்ணிக்கொண்டு, ஐந்தோடு வீட்டுக்குப் போனார்.