மகளின் பாஸ்வேர்டு

திங்கட்கிழமை காலை. சுருளிப்பட்டியில் விஜயபாண்டி வீட்டு வாசலில் நின்று பள்ளி வேன் ஆரன் அடித்துப் பார்த்தது. யாரும் வராததால் கம்பத்துக்குக் கிளம்பிப் போய்விட்டது. சீருடை கொடியில் அப்படியே தொங்கியது. பிளஸ் டூ படிக்கும் மகள் அபிதா பாயைவிட்டு எழவே இல்லை. தாய் மலையம்மாள் கெஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னத்தா, ஒடம்புக்கு முடியலையா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார் விஜயபாண்டி.

"நான் இனிமே பள்ளிக்கூடம் போகலப்பா. டிசி வாங்கியாந்துருங்க."

விஜயபாண்டி மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்தே மாட்டின் வயதைச் சொல்லிவிடுவார். மூன்று நாளாக மகள் சரியாகச் சாப்பிடாதது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

"வெள்ளிக்கெழம ஷீபா டீச்சர் எங்க கிளாசுக்கு வந்தாகப்பா. நான் மகிமாவுக்கு இன்ஸ்டாகிராம்ல அனுப்புனத எல்லாரு முன்னாலயும் வாசிச்சாக."

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் அபிதா மயங்கி விழுந்திருந்தாள். அது வலிப்பு என்றும், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றும் டாக்டர் சொன்னார். வீட்டைத் தவிர இந்த விஷயம் உயிர்த்தோழி மகிமா ஒருத்திக்குத்தான் தெரியும். அதைத்தான் தலைமையாசிரியை ஷீபா வகுப்பில் வாசித்து, 'பள்ளியிடம் மறைத்து வைப்பதற்கு இது ஓர் உதாரணம்' என்று புத்திமதியும் சொல்லியிருக்கிறார்.

"அன்னைக்கு மத்தியானமே என் பெஞ்சுல இரும்புச் சாவிக்கொத்து கெடந்துச்சுப்பா. வலிப்பு வந்தா கையில குடுக்கணுமாம். எல்லாரும் சிரிச்சாளுக."

"ஒன் போனுக்குள்ள அந்தம்மா எப்படிப் போனாக?" என்று துள்ளி எழுந்தார் விஜயபாண்டி.

"நீங்கதானப்பா வழி விட்டீக."

அவர் மீண்டும் உட்கார்ந்துவிட்டார். உண்மைதான். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, பிள்ளைகள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோருடைய இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டையும் கேட்டார்கள். மற்ற பெற்றோர் தயங்கி நின்றபோது, இந்த மனிதர் மகளிடம் கேட்டு வாங்கி, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். 'பெத்தவங்கன்னா இப்படியில்ல இருக்கணும்!' என்று கிளார்க் பாராட்டியதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"நீ என்ன தப்பா பண்ணுன? மறைக்க ஒண்ணுமில்லேன்னுதானத்தா குடுத்தேன்."

அபிதா எழுந்து உட்கார்ந்தாள். "தப்புப் பண்றவுகதான் மறைப்பாகளாப்பா? சந்தையில கைமேல துண்டப் போட்டு மூடி, வெரலத் தொட்டு வெல பேசுறீகளே, அது களவா? பக்கத்துல நிக்கிறவன் துண்டத் தூக்கிப் பாத்தா சும்மா விடுவீகளா?"

விஜயபாண்டிக்குச் சுரீரென்றது. துண்டுக்குள் விரல்கள் சொல்லும் விலை அந்த இரண்டு பேருக்கு மட்டுமே உரியது. சந்தையில் எவ்வளவு பெரிய போக்கிரியும் அதை எட்டிப் பார்க்க மாட்டான். ஒருமுறை துண்டை விலக்கப் பார்த்தவனின் சட்டையைப் பிடித்தவர் இதே விஜயபாண்டிதான். மாட்டு விலைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர், பெற்ற மகளின் மனசை ஆபீசில் ஏலம் விட்ட மாதிரி கூவிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"என்னய மன்னிச்சிரு தாயி. கெளம்பு. டிசி வாங்க இல்ல."

இருவரும் கம்பத்துக்குப் பள்ளிக்கூடம் போனார்கள். தலைமையாசிரியை ஷீபா கெட்டவர் அல்ல. பிள்ளைகள் உருப்பட வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவர். அதனால்தான் தன்மேல் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் வந்ததில்லை.

"நல்லதுக்குத்தான் பாக்குறோம் சார். நாளைக்கு வேலைக்குப் போனா கம்பெனிக்காரங்களும் இதையெல்லாம் தோண்டித்தான் பாப்பாங்க. இப்பவே பழகட்டுமே."

"அங்கனயும் குடுக்காதன்னு சொல்லித்தான் டீச்சர் இனிமே வளப்பேன். இன்னைக்குத் திங்கக்கெழம. தேனி கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாக. அங்கன போறதுக்கு முன்னால ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன். எம் மக நோவ ஊருக்கே சொன்னீகளே, வலிப்பு வந்தா என்ன செய்யணும்னு ஒரு பிள்ளைக்காச்சும் சொல்லிக் குடுத்தீகளா? இவ பெஞ்சுல சாவிக்கொத்தப் போட்டுச் சிரிக்குதுக."

"சாவிக்கொத்தா?" ஷீபாவின் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதே. ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

அதுவரை தலைகுனிந்து நின்ற அபிதா நிமிர்ந்தாள். "எப்படி டீச்சர் சொல்லுவேன்? பள்ளிக்கூடத்துல ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லி வைக்கணும்னு டாக்டர் சொன்னாக. ஒங்ககிட்டத்தான் சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்களே எடுத்துக்கிட்டீக."

ஷீபா எழுந்து வந்து அபிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு என்னோடதும்மா. எந்த கிளாஸ்ல வாசிச்சேனோ அதே கிளாஸ்ல சொல்றேன். வா."

சொன்னபடியே செய்தார். வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டார். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், கையில் எதையும் திணிக்கக் கூடாது என்று அபிதாவே எழுந்து சொன்னாள். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னவள், பிறகு தெளிவாகச் சொன்னாள். மகிமா வந்து அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாப் பிள்ளைகளின் பாஸ்வேர்டையும் விஜயபாண்டி கண்ணெதிரிலேயே அழித்தார்கள். அது முடியும்வரை அவர் நாற்காலியைவிட்டு அசையவில்லை. அபிதாவும் அங்கேயே தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டாள்.

வாசல்வரை வழியனுப்ப வந்த ஷீபாவுக்கு மனசு முழுதாக ஆறவில்லை. "இத்தனை நாளு பாத்துக்கிட்டே இருந்துட்டோம், இப்ப பயமா இருக்கு சார். அவ புதுசா மாத்துன பாஸ்வேர்டு, அப்பாங்கிற முறையில உங்களுக்காவது தெரியும்ல?"

"தெரியாது டீச்சர். நான் கேக்கவும் இல்ல. பிள்ள மேல அக்கற இருக்கிறவுக அதுகிட்ட ஒக்காந்து பேசித் தெரிஞ்சுக்கணும். பேசாம உள்ள பூந்து எடுத்தா, பெத்தவன் எடுத்தாலும் வாத்தியாரு எடுத்தாலும் அதுக்குப் பேரு களவுதான்."