தாழக் கட்டிய மரகதம்

மோதிரம் போடப்போவது என் விரலில். ஆனால் கடைக்குள் நுழைந்ததிலிருந்து என் விரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேச்சு நடந்தது. என் வருங்கால மாமியாரின் முட்டிவலி, போன வருஷம் நாத்தனார் இதே கடையில் வாங்கிய வளையல், வெளியே வண்டி நிறுத்த இடமில்லாத கொடுமை. நான் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது நாற்காலியில் அவர். அவருக்கும் எனக்கும் அடுத்த மாதம் நிச்சயம்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் மாவை ஊற்றி மாதிரி எடுத்து, மெழுகில் பல்லைச் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, மேலே வெள்ளைப் பூச்சு ஏற்றிச் சுட்டு அனுப்புவது எங்கள் பட்டறை. ஒன்பது வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அங்கே என் பெயர் மிளகாய். அச்சைக் கோணலாக எடுத்துவிட்டு, பல் பொருந்தவில்லை என்று ஒரு டாக்டர் திருப்பி அனுப்பினால், போனை எடுத்து அவரையே நேராகக் கேட்கிறவள் நான் ஒருத்திதான். அதற்கு வைத்த பெயர் அது.

மரகதம் வேண்டும் என்று சொன்னதும் நான்தான். என்ன கல் பிடிக்கும் என்று அவர் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கண்முன் இரண்டே நிறம், பல்லின் வெள்ளையும் ஈறின் ரோஜாவும். வெள்ளையிலேயே பதினாறு வகை பார்த்துப் பார்த்து எனக்குக் கண்ணே வெளுத்துப்போயிருந்தது. கையைத் திருப்பினால் கொஞ்சம் பச்சை தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவர் சிரித்துக்கொண்டே "சரி" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவர். அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது.

நகைக்காரர் நெற்றியில் லென்ஸைத் தூக்கி வைத்துக்கொண்டு ஐந்து கற்களை வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தார். விற்பதும் அவரே, உள்ளே போய்க் கல் பதிப்பதும் அவரே. மூன்றாவது கல்லை நான் தொட்டேன். அடர்ந்த பச்சை, ஒரு ஓரத்தில் பாசி மாதிரி மெல்லிய இழை. மாமியாருக்கு ஐந்தாவது பிடித்திருந்தது, அது பெரியது. "சரி, அவ ஆசைப்பட்டதையே எடுங்க" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் புத்தியை என்ன சொல்ல!

"கல்லு முடிவாயிடுச்சு" என்றார் நகைக்காரர். "இனி கட்டு எப்படின்னு சொல்லணும். மரகதம் கொஞ்சம் பூஞ்சையான கல்லு. உள்ளேயே விரிசல் இருக்கும், எண்ணெய் விட்டு அடைச்சிருப்பாங்க. சூடு, தட்டு முட்டு ஆகாது. நகம் மாதிரி நாலு தங்கக் கம்பி வெச்சு உயரத் தூக்கிக் கட்டினா பாக்க எடுப்பா இருக்கும். கையால வேலை பாக்கறவங்கன்னா தாழ வெச்சு, சுத்தித் தங்கத்தால மூடிக் கட்டணும். பொண்ணு என்ன வேலை பாக்கறாங்க?"

கேள்வி என்னைப் பற்றியது. கேட்டது மாமியாரிடம்.

"வேலையெல்லாம் கல்யாணம் வரைக்கும்தானே" என்றார் மாமியார். "அப்புறம் வீட்டோடதான் இருக்கப் போறா. நீங்க உயரமாவே கட்டுங்க."

நாளைக்கு மழை வரும் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று உச்சந்தலைவரை ஏறியது.

"அத்தை, நான் வேலையை விடறேன்னு யாரு சொன்னது?"

"இதுல புதுசா சொல்ல என்னம்மா இருக்கு? ஆரம்பத்துலயே பேசினதுதானே."

"யாருகிட்ட பேசினது?"

மாமியார் மகனைப் பார்த்தார். மகன் தட்டில் கிடந்த ஒரு கம்மலின் விலைச்சீட்டை, பரீட்சைக்குப் படிக்கிறவர்போலப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் வெளியே வாங்க" என்றேன் அவரிடம். வீட்டார் முன்னால் அவர் எனக்கு 'நீங்க'. கடை வாசலைத் தாண்டியதும் 'நீ'.

"நான் வேலையை விட்டுடுவேன்னு நீ சொன்னியா?"

"நான் எங்க சொன்னேன்? அம்மா கேட்டாங்க, கல்யாணத்துக்கப்புறம் விட்டுருவாளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. மறுத்துப் பேசல, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! ஏழு மாதமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். போகும்போதெல்லாம் மாமியார் என் கையைப் பிடித்து, நகக்கண்ணில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டர் தூளைத் தட்டிவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா" என்பார். களைத்து வந்தவளுக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து நான் உருகியிருக்கிறேன். பட்டறையில் போய், எனக்கு வாய்த்த மாமியார் மாதிரி உண்டா என்று பெருமையடித்தும் இருக்கிறேன். அந்த அம்மா என் வேலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவரை எண்ணவிட்டு வேடிக்கை பார்த்தவன் இதோ என் எதிரில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கிறான்.

"போன மாசம் எங்க முதலாளியம்மா என்னைப் பூச்சுப் பிரிவுக்குப் பொறுப்பா போடறேன்னு சொன்னாங்க. உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். நீ சரின்னியே, எதுக்குச் சொன்னே?"

"நீ சந்தோஷமா இருந்தே. அதைக் கெடுக்க வேண்டாம்னு."

"உங்க அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"அவங்களும் சந்தோஷமா இருந்தாங்க" என்றார். "கல்யாணம் முடியட்டும், மெதுவா பேசிக்கலாம்னு நெனச்சேன்."

"மெதுவான்னா எப்போ? நான் வேலையை விட்டு வீட்ல வந்து உக்காந்த பிறகா?"

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. கோபம் வரும்போது கூடவே அழுகையும் வந்து தொலைக்கிற உடம்பு எனக்கு. அதை எதிராளி பார்த்துவிட்டால் பாதி வழக்கு தோற்றமாதிரி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே திரும்பிப் போனேன்.

உள்ளே நாத்தனார், அளவு பார்க்கும் வளையங்களில் ஒன்றைத் தன் விரலில் மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் அவளுக்கும் ஒரே விரல்தான். என் அளவையே எழுதிக்கங்க" என்றார். நகைக்காரரும் எழுதிக்கொண்டிருந்தார். நான் கடையில் இல்லாமலே என் மோதிரம் முடிந்துகொண்டிருந்தது.

"அந்த அளவு வேண்டாம்" என்றேன். "ஐயா, நான் பல் செய்யறவ. உங்களை மாதிரியே மெழுகுல செதுக்கி உலோகத்துல வார்க்கறேன். ராவறேன், மெருகு போடறேன். நாள் பூரா கையில பிளாஸ்டரும் சூடும்தான்."

நகைக்காரர் லென்ஸை நெற்றியிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தார். "சுத்தம் பண்றது எப்படி? அதிர்வுத் தொட்டியா?"

"அதுவும் இருக்கு. கொதிக்கிற ஆவியைப் பீச்சற மெஷினும் இருக்கு."

"ஐயையோ! ரெண்டுலயும் மரகதத்தைக் காட்டவே கூடாது. எண்ணெய் வெளிய வந்துடும், உள்ள இருக்கற விரிசல் பூரா வெள்ளையா தெரிஞ்சுடும்."

"தெரியும். எங்க பட்டறையில ஒரு பொண்ணு ஆசையா, தோழியோட மோதிரத்தைப் பளபளன்னு ஆக்கித் தர்றேன்னு தொட்டியில போட்டா. எடுத்தப்ப கல்லு செத்துப்போயிருந்தது. நான் அந்தப் பக்கம் போறப்ப கழட்டி வெச்சுடுவேன். மத்த நேரம் விரல்ல இருக்கணும்."

இருபது நிமிஷத்தில் என் வேலையைப் பற்றி என்னையே ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நகைக்காரர் என்ன மெழுகு, என்ன சூடு என்றெல்லாம் கேட்டார், நான் சொன்னேன். மாமியார் தொண்டையைச் செருமினார். "தாழ வெச்சு மூடிக் கட்டினா கல்லே சின்னதா தெரியும். பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

கடையில் காட்டுவதற்காக வைத்திருந்த, நகம் வைத்து உயரக் கட்டிய மோதிரம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டேன். என் பையில் எப்போதும் இரண்டு மூன்று ஜோடி க்ளவுஸ் இருக்கும். ஒன்றை எடுத்து அதன்மேல் இழுத்து மாட்டினேன். முழுசாக மாட்டி முடிக்கவில்லை. டப்பென்று கிழிந்து, கிழிசல் வழியே நாலு நகமும் எட்டிப் பார்த்தன.

"பாத்தீங்களா அத்தை? தினம் இதுதான் நடக்கும்."

"அதான் க்ளவுஸ் போடற வேலையே வேண்டாங்கறோம்" என்றார் நாத்தனார்.

தப்பு மோதிரத்தில் இல்லையாம், என் கையில் இருக்கிறதாம். நல்ல மனசோடுதான் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல். என்னை ஏதோ துன்பத்திலிருந்து காப்பாற்றுகிற முகம் அவருக்கு.

நகைக்காரருக்கு அவர் வேலை. "எதுன்னு ஒண்ணு சொல்லுங்க. இன்னைக்கு எழுதினாத்தான் நிச்சயத்துக்கு ஆகும்" என்றார்.

"அவரைக் கேளுங்க" என்று என் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். நிஜமாகவே எனக்கு நம்பிக்கை இருந்தது. 'அவ வேலையை விட மாட்டா, தாழக் கட்டுங்க.' ஆறே வார்த்தைதான். அதை மட்டும் அவங்க அம்மா காதுபடச் சொல்லிவிட்டால், ஏழு மாதத்தையும் அந்த இடத்திலேயே மன்னித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நகைக்காரரிடம், "இப்போ உயரமா கட்டிட்டு, பின்னாடி தேவைப்பட்டா தாழ மாத்திக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார். ஆனா நகத்தைப் பிரிச்சுக் கல்லை எடுக்கறப்ப உடைஞ்சாலும் உடையும். நான் பொறுப்பில்ல. மரகதத்துக்கு எல்லாத்தையும் முதல்லயே சொல்லிடணும்."

நான் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தேன். "சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து அளவு குடுக்கறேன்" என்றேன்.

"அதுதான் நல்லது. வேலை பாத்த விரலு சாயங்காலம் கொஞ்சம் பெருத்திருக்கும், அந்த அளவுதான் நிக்கும்" என்றார் நகைக்காரர்.

நான் மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "ஆறு மணிக்கு வருவேன். அதுக்குள்ள வீட்ல பேசிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். அரை நாள் விடுப்பில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. அதை அங்கே உட்கார்ந்து கழிக்க எனக்கு இஷ்டமில்லை.

அன்று சாயங்காலம்வரை பதினொரு பல்லுக்கு மெருகு போட்டேன். ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. கோபத்தில் எனக்குக் கை நடுங்காது, இன்னும் நிதானமாகும். மோதிரம் எங்கே என்று கேட்டவர்களிடம் கல்லு பார்த்தாச்சு என்று மட்டும் சொன்னேன்.

ஆறு மணிக்கு நான் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். தனியாக. முகத்தில் ஒரு தெளிவு. எனக்கு மனசு இளகிவிட்டது, பொய் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட பேசிட்டேன்" என்றார்.

"என்னன்னு பேசினே?"

"நீ வேலையை விட மாட்டேன்னு அடம் பிடிக்கறேன்னு சொன்னேன். அம்மா ரொம்ப வருத்தப்பட்டாங்க. கொஞ்ச நாள் போகட்டும்மா, ஒரு குழந்தை வந்தா அவளே மாறிடுவா, நான் பாத்துக்கறேன்னு சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன்." எனக்குச் செய்த பெரிய உபகாரத்துக்கு நன்றி வரும் என்று காத்திருப்பவர்போல என் முகத்தைப் பார்த்தார்.

"நீ மறுத்துப் பேசாம இருந்ததைச் சொன்னியா?"

"அதை எதுக்கு இப்போ கிளறிக்கிட்டு?"

ஆக, ஏழு மாதம் வாய் மூடிக் கிடந்தவர் நல்ல பிள்ளை. அடங்காப்பிடாரி நான். அடுத்த கெடுவும் வைத்தாகிவிட்டது, அதுவும் என்னைக் கேட்காமலே. இனி மாமியார் வேறொன்றுக்கு நாள் எண்ண ஆரம்பிப்பார். இவர் அதையும் மறுத்துப் பேச மாட்டார்.

நான் நகைக்காரரிடம் இடது கையை நீட்டினேன். அவர் வளையங்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார். நாத்தனாரின் அளவு விரல் முட்டியைக்கூடத் தாண்டவில்லை. அதைவிட மூன்று அளவு பெரியது சரியாக உட்கார்ந்தது.

"தாழ வெச்சு, மூடின கட்டு. பில்லு மாப்பிள்ளை பேர்லதானே?"

"என் பேர்ல போடுங்க."

"ஏய், என்ன பண்றே? அப்போ நிச்சயத்துக்கு?" என்று எழுந்தார் அவர்.

"உங்க அக்கா குடுத்த அளவு இந்தக் கடையில இருக்கு. உயரமா ஒண்ணு கட்டச் சொல்லிட்டு, அது பொருந்தற விரலா பாத்துத் தேடிக்கோ."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுத்துப் பேசவில்லை.

நகைக்காரர் என் பெயரைக் கேட்டு எழுதினார். வேலை என்ற இடத்தில், கேட்காமலே, பல் செய்பவர் என்று எழுதினார். "என்னைக்கு வேணும்மா?"

"அவசரமில்ல" என்றேன். "நல்லா அழுத்தமா கட்டுங்க."