ஹில்டாவின் கறுத்த பேட்ஜ்

பம்பாயிலிருந்து வந்த அந்தக் கடிதத்தை யாராவது கடைசி வரி வரைக்கும் படித்திருந்தால் ஹில்டா பத்து நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்திருக்க மாட்டாள். சிவப்பு மையில் ஒரு எண்ணைக் கண்டதும் மிச்சத்தை யார் படிக்கிறார்கள்?

ஹில்டா ஆவடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அந்த வேலையில் இருப்பவர்கள் கோட்டில் ஒரு பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே சின்ன பிலிம் இருக்கும்; எவ்வளவு கதிர் பட்டதென்று அது கறுத்துக் காட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பம்பாய்க்கு அனுப்பினால் அளந்து எழுதுவார்கள். ஆறு வருஷமாக ஹில்டாவுக்கு ஒன்றுமில்லை என்றே வந்தது. 1991 ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்குமான பேட்ஜ் மட்டும் அளவை மீறிக் கறுத்திருந்தது. கடிதம் வந்தபோது அவளுக்கு நாலாவது மாதம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துத் தங்கிய பிள்ளை.

"எப்படிப் பிறக்கும்னு சொல்ல முடியாதும்மா, கலைச்சிடு" என்று சொல்லிவிட்டார் அவளைப் பார்க்கும் கிளினிக் டாக்டர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். கணவன் பாஸ்கல் "உன் இஷ்டம்" என்றதோடு சரி. பிள்ளை வேண்டுமென்ற ஆசை இவனுக்கு இல்லவே இல்லையா என்று அவள் மனது வெந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு வரலட்சுமி வந்து சேர்ந்தார். டாக்டரா என்றால் இல்லை. மெஷின் ரிப்பேருக்கா என்றால் அதுவுமில்லை. பௌதிகம் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிகளில் கதிர் யார் மேலும் வீணாகப் படாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். வாட்ச்மேன் குழம்பிப்போய் நோட்டில் 'கரண்ட் ஆபீஸ்' என்று எழுதிக்கொண்டார். கடிதத்தின் கடைசி வரி 'இந்த அளவு முடிவானதல்ல, எங்கள் ஆள் நேரில் வந்து விசாரிப்பார்' என்பது; அதற்காகத்தான் பம்பாயிலிருந்து இவரை அனுப்பியிருந்தார்கள்.

கையோடு கொண்டுவந்த அந்த பேட்ஜ் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதப் பாரும்மா. பேட்ஜுக்குள்ள இருக்கிற உலோகத் துண்டுகளோட நிழல் எவ்வளவு கூர்மையா விழுந்திருக்கு! நீ மாட்டிக்கிட்டு நடமாடியிருந்தா ஓரமெல்லாம் மங்கியிருக்கும். இது ஆடாம அசையாம ஒரே இடத்துல தொங்கியிருக்கு."

"எப்டி மேடம்? பிப்ரவரில நாள் தள்ளிப் போனதுமே நான் அந்த ரூமுக்குள்ளயே போவல. கோட்டக் கழட்டிப் போட்டுட்டு கவுண்டர்ல உக்காந்துட்டேன். அதுக்கு முன்னாடியே பட்டுடுச்சுன்னுதான் பயந்தேன்."

"கழட்டின கோட்டு எங்க போச்சு?"

அதே எக்ஸ்ரே அறையில் ஹில்டாவுக்கு மூத்தவரான ராயப்பன் முன்னால் வந்தார். "நாற்காலில கெடந்துச்சு மேடம். அழுக்காயிடுமேன்னு நான்தான், மார்புப் படம் புடிக்கிற ஸ்டாண்டாண்ட ஒரு ஆணி கீது, அதுல மாட்டினேன். மாசக் கடைசில பேட்ஜக் கழட்டி மத்ததோட அனுப்பினேன். ஒண்ணும் தோணல."

மார்ச்சில் ஒரு தொழிற்சாலையின் ஆட்கள் முந்நூறு பேருக்கு அங்கே மார்பு எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். ஹில்டா பயந்து ஒதுங்கி உட்கார்ந்திருக்க, அவளுடைய கோட்டு முந்நூறு பேரோடும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தது!

"பட்டதெல்லாம் கோட்டுக்கு. உனக்கு இல்ல" என்றார் வரலட்சுமி. "உனக்கே பட்டிருந்தாலும் இந்த அளவு கதிருக்குக் கலைக்கச் சொல்றது அநியாயம். எங்க கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

ஹில்டா விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். அங்கே பாஸ்கல் ஆட்டோவோடு நின்றிருந்தான்.

"கிளினிக்குக்குப் போவல. கொழந்தைக்கு ஒண்ணுமில்லியாம்."

பாஸ்கல் ஆட்டோவின் ஓரமாகக் குந்திக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் ஓவென்று அழுதான்.

"கலைக்க வேணாம்னு தெனம் வாயெடுத்தேன் ஹில்டா. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா உன் ஆசையாலதான் இப்டி ஆச்சுன்னு சொல்லிடுவியோன்னு பயந்துகினு..."

"அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா?" என்று அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்க அவளுக்கு மனது வரவில்லை.