பூவா, காயா?

மசாலா பாக்கெட் போடும் கூடத்தில் அக்காவுக்கு அன்னாசிப்பூவிலிருந்து குப்பை பொறுக்கும் வேலை. மதியம் தம்பி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். அவன் ஒரு பங்களாவில் தோட்டக்காரன்.

“உங்க முதலாளி காசுக்கு விக்கிறது எங்க தோட்டத்துல சும்மா கொட்டிக் கெடக்குக்கா! உங்க வீட்டுலயும் ஒரு கை குடுத்துட்டு வந்தேன். பாப்பாவுக்கு வயிறு உப்பிக்கிச்சாம், அத்தான் கொதிக்க வெச்சுக் குடுக்கப் போறாரு.”

அவன் உள்ளங்கையில் எட்டு முனை நட்சத்திரங்கள், அச்சு அசல் அன்னாசிப்பூ. ஒன்றை முறித்து மோந்தாள். சோம்பு வாசனையைக் காணோம், கற்பூர நெடிதான் ஏறியது. நுனியெல்லாம் கொக்கியாக வளைந்திருந்தது. ஒரே ஜாடையில் இரண்டு மரம் உண்டு. ஒன்று குழம்புக்கு, மற்றது விஷம். தின்றால் வலிப்பு வரும். மூட்டையில் ஒன்று தட்டுப்பட்டாலும் மூட்டையையே ஒதுக்கிவிடுவார்கள்.

புருஷனுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, தம்பி குடுத்த பூவப் பாப்பாவுக்குக் குடுத்துடாதீங்க!”

“உன் தம்பி எனக்கு எதுக்குடி பூ தரான், நான் என்ன கல்யாணப் பொண்ணா? அவன் குடுத்தது காய். ஆத்திக்கிட்டிருக்கேன், வை!”

காய் என்றதும் போன உயிர் திரும்பியது. ஜாதிக்காயாக இருக்கும்.

“அத்தான்கிட்ட என்ன காய்டா குடுத்த?”

“இதத்தான். பூவாம் பூ! மரத்துல காய்ச்சுத் தொங்குறத தெனம் பாக்குறவன் நான். பேரு வெச்சவன் மரத்தையே பாத்திருக்க மாட்டான்.”

மறுபடி போன் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. இருவரும் ஓடினார்கள்.

வாசலில் புருஷன், தோளில் குழந்தை. “ஒரு ஸ்பூன்தான் குடுத்தேன். பாதியத் துப்பிட்டா. ஏன், என்னாச்சு?”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணையும் நாடியையும் பார்த்தார். “சாயங்காலம் வரைக்கும் இருங்க. கை கால் இழுத்துச்சுன்னா உடனே கூப்பிடுங்க.”

குழந்தை தூங்கியது. தம்பி சுவரோரம் நின்றான். “அக்கா, ரெண்டு அறையாவது விடேன்.”

அவள் போர்வையை விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் சுண்டுவிரல் துடித்தது.

“தூக்கத்துல எப்பவும் இப்படித்தான பண்ணுவா?” என்றான் புருஷன்.

பெற்றவளுக்கு ஞாபகமே வரவில்லை. மறுபடி துடித்தது.

“டாக்டரம்மா!”

ஓடி வந்தவர் உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை வீறிட்டது.

“கனவா இருக்கும்மா. எதுக்கும் இன்னும் பாருங்க.”

புருஷன் நாற்காலியில் சரிந்தான். அவள் மட்டும் அந்த விரலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.