மேல்கோட்டுக்கு மேலே

தடுப்பூசி போடும் அறையில் நர்ஸ் குழந்தையின் சட்டையைக் கழற்றி எடைத்தட்டில் படுக்கவைத்தாள். எண்கள் கொஞ்சநேரம் தடுமாறிவிட்டு எட்டு கிலோ எழுநூறில் நின்றன. நர்ஸ் குழந்தையைப் பார்த்தாள், பிறகு அட்டையைப் பார்த்தாள். பெண் குழந்தை, நாலு மாதம். அட்டையில் கீழிருந்து வளைந்து ஏறும் கோடுகளில் ஆக உச்சியில் இருந்ததையும் தாண்டி, ஒன்றும் அச்சிடாத வெற்றிடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்ற அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா."

ஆசையாகத்தான் சொன்னாள். அவன் மனைவிகூடச் சிரித்தாள். அவனுக்கு மட்டும் காது மடல் சுட்டது.

டாக்டர் வயதான பெண்மணி. குழந்தையின் தொடை மடிப்புகளை விரித்துப் பார்த்தார், கண்ணெதிரே விரலை ஆட்டினார், வயிற்றை அமுக்கினார். "தாய்ப்பால் மட்டும்தானே? அப்ப ஒண்ணும் கவலையில்லை. அவ கேக்கறப்பல்லாம் குடுங்க. தவழ்ந்து நடக்க ஆரம்பிச்சா தானா இளைச்சிடுவா."

அந்தத் 'தானா' என்ற சொல்லில்தான் அவன் மாட்டிக்கொண்டான். அவன் அம்மாவிடமும் யாரோ ஒரு டாக்டர் அதைத்தான் சொல்லியிருந்தார். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று அம்மா கடைசிவரை நம்பினாள். ஐந்தாம் வகுப்பில் எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து எடை பார்த்தபோது, உடற்பயிற்சி வாத்தியார் மற்றவர்களின் எடையை முணுமுணுத்துவிட்டு அவனுடையதை மட்டும் உரக்கப் படித்தார். அந்த எண்ணே அந்த வருடம் முழுக்க அவன் பெயராக இருந்தது. இப்போது பார்சல் அலுவலகத்தில் அவனுக்கு மூட்டை என்று பெயர். "மூட்டை எங்கப்பா?" என்று மேலாளர் கேட்டால் யாரும் பார்சலைத் தேடமாட்டார்கள். அவனும் "இதோ வந்துட்டேன்" என்று சிரித்துக்கொண்டே போய் நிற்பான். சிரிப்பதற்கு அவன் சிறுவயதிலேயே பழகியிருந்தான். தனக்கு வலிக்கவில்லை என்று மற்றவர்களை நம்பவைக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அன்றிலிருந்து கைப்பேசியில் தேடித்தேடிப் படித்தான். ஒரு பக்கம் பயப்படாதே என்றது, இன்னொரு பக்கம் பயப்படு என்றது. பயப்படு என்றதை மட்டும் அவன் மறுபடி மறுபடி படித்தான். அலுவலகம் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய், தரையோடு பதித்த பெரிய தராசில் துண்டை நாலாக மடித்து விரித்து அவளைக் கிடத்தினான். எட்டு கிலோ எண்ணூற்றைம்பது. குழந்தை கூரையில் ஓடிய குழாய்களைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன் எட்டிப்பார்த்தான்.

"என்ன மூட்டை, குட்டி மூட்டையை எந்த ஊருக்கு அனுப்பப்போற?"

எல்லாரும் சிரித்தார்கள். வழக்கம்போல அவனும் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு தாளில் நேரம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான். நாலு மணி நேரத்துக்கு ஒருதடவை, பத்து நிமிஷம். நடுவில் அழுதால் கொதித்து ஆறிய தண்ணீர், ஸ்பூனில்.

மனைவி அதை நின்று படித்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். பிரசவ விடுப்பில் இருந்தாள். எதையும் ஒருமுறைக்கு இருமுறை அளந்துவிட்டுத்தான் பேசுவாள்.

"டாக்டர் கேக்கறப்பல்லாம் குடுக்கச் சொன்னாங்களே."

"அவங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாங்க."

"அக்காகிட்ட கேட்டேன். இந்த வயசுல தண்ணியே குடுக்கக்கூடாதாம்."

"உங்கக்கா டாக்டரா?"

"நீங்க டாக்டரா?"

தாள் அங்கேயே இருந்தது.

முதல் வாரம் வீடு வீடாக இல்லை. குழந்தை முகம் சிவக்க, மூச்சு முட்ட அழுதது. ஸ்பூன் தண்ணீரைத் துப்பியது. அந்த அழுகை கேட்டதும் மனைவிக்கு மார்பு சுரந்து சட்டை நனைந்துவிடும். நனைந்த சட்டையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "இன்னும் அம்பது நிமிஷம்தான்" என்பான் அவன், ஏதோ பஸ் வரப்போவதைப்போல. அவன் கல்நெஞ்சக்காரன் இல்லை. அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தவன் அவன்தான். உனக்காகத்தான் செல்லம், உனக்காகத்தான் என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே நடந்தான்.

ஆனாலும் எடை குறையவில்லை. ஒருநாள் மதியம், அலுவலக அலமாரிச் சாவியை மறந்துவிட்டு அதை எடுக்க வீட்டுக்கு வந்தான். குளியலறையில் குழாய் திறந்துகிடந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், கதவுக்குப் பின்னாலிருந்து, குழந்தை மடக் மடக்கென்று விழுங்குவது கேட்டது. அவன் கதவைத் தட்டவில்லை. அவள் வெளியே வரும்வரை நின்றான். குழந்தை தூங்கியிருந்தது. உதட்டோரம் ஒரு சொட்டுப் பால்.

"திருட்டுத்தனமா குடுக்கறே."

"என் குழந்தைக்கு நான் குடுக்கறது திருட்டா?"

"அவளை எல்லாரும் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உனக்குத் தெரியுமா? எங்கப்பா நாப்பத்தெட்டு வயசுல, ஒரு கால் இல்லாம செத்தாரு. சக்கரை. அவரும் சின்ன வயசுல கொழுகொழுன்னுதான் இருந்தாராம், எல்லாரும் தூக்கிக் கொஞ்சுனாங்களாம். நீ அவளுக்குப் பால் குடுக்கலை. அவளைக் கொஞ்சங்கொஞ்சமாக் கொன்னுட்டிருக்கே."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. மனைவி அவனை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. கடையில் கண்ணாடியைத் தூசி போகத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"சரி" என்றாள்.

அதற்கப்புறம் அவள் சண்டை போடவேயில்லை. தாளில் இருந்தபடி பத்து நிமிஷம் கொடுத்தாள், பதினோராவது நிமிஷத்தில் குழந்தையை விலக்கினாள். அக்கா போன் செய்தால் குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். அவன் வாராவாரம் தராசுக்குப் போனான். எட்டரை. எட்டேகால். எட்டு. நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே சந்தோஷத்தில் இரட்டைக் கோடு போட்டான். குழந்தையும் அழுவதை நிறுத்தியிருந்தது. தூக்கிப் போட்ட இடத்தில் கிடந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கால் உதைப்பதும் குறைந்துவிட்டது.

"சமத்தாயிட்டா பாரேன்" என்றான் ஒருநாள்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

ஆறாவது மாதம் மறுபடி தடுப்பூசிக்குப் போனார்கள். ஏழு கிலோ அறுநூறு. நர்ஸ் குழந்தையைத் தூக்கிவிட்டு மறுபடி படுக்கவைத்துப் பார்த்தாள். அதே எண். அட்டையில் புள்ளி வைத்தாள். இந்தத் தடவை புள்ளி நடுக்கோட்டை ஒட்டி, கிட்டத்தட்ட அதன்மேலேயே விழுந்தது. அவன் எட்டிப்பார்த்தான். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி இலேசானதுபோல இருந்தது. எல்லாக் குழந்தைகளையும்போல ஒரு குழந்தை. மனைவியின் தோளைத் தொட்டு அதைக் காட்டப்போனான். நர்ஸ் அதற்குள் அட்டையை எடுத்துக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

டாக்டர் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் விரலை வைத்துக் கீழ்நோக்கி இழுத்தார். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். அது உடனே சமமாகவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை துணி நனைக்கறா?"

"மூணு" என்றாள் மனைவி. "சில நாள் ரெண்டு."

"வயித்துப்போக்கு, காய்ச்சல் ஏதாவது?"

"இல்லை."

"அப்புறம் ஏம்மா?"

ஊசி போட்ட வேறொரு குழந்தை வெளியே வீறிட்டது. நான்தான் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். சொல்லாமல் பையைத் தோளில் சரிசெய்துகொண்டான்.

"நேரம் வச்சுக் குடுத்தோம் டாக்டர், எடை குறையறதுக்கு" என்றாள் மனைவி. குடுத்தேன் என்று சொல்லவில்லை, குடுத்தார் என்றும் சொல்லவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"தாய்ப்பால் குடிக்கிற சில குழந்தைங்க அப்படித்தாம்மா. முதல்ல மளமளன்னு ஏறுவாங்க, அப்புறம் நிப்பாங்க. போன தடவை அவ நல்லாத்தான் இருந்தா. சரி, இனிமே கேக்கறப்பல்லாம் குடுங்க. பால் எப்படி இருக்கு?"

"இல்லை."

"கொஞ்சமாவது?"

"பத்து நாளா சட்டை நனையறதில்லை டாக்டர்."

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்தும் அது அவனுக்குத் தெரியாது.

ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். புட்டிப்பால் மாவின் பெயரை எழுதினார். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மார்பில் போட்டுப்பார்க்கச் சொன்னார். "உறிஞ்ச உறிஞ்சத் திரும்ப வரலாம். வராமலும் போகலாம். என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் தாளைக் கிழித்தான். அதை அவள் பார்க்கவேண்டும் என்று நினைத்தான். அவள் பார்க்கவில்லை. குழந்தை முதல் பாட்டிலைக் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, மூச்சு விடாமல் குடித்தது. அப்படி ஒரு பசியை அவன் அதுவரை பார்த்ததில்லை. இல்லை, பார்த்திருக்கிறான், இப்போது நினைவுக்கு வந்தது. நாலாவது மாதத்தில் பார்த்து அதற்குத்தான் பயந்தான்.

பரிசோதனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான்கு நாளில் குழந்தைக்கு அழ மறுபடி தெம்பு வந்தது. ஆனால் மார்பில் போட்டால் முதுகை வில்லாய் வளைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பியது. ஒன்றும் வராத இடத்தில் வாயை வைத்து ஏமாறுவதற்கு அது தயாராக இல்லை. எட்டாம் நாள் மதியம் மனைவி படுக்கையறையில் உட்கார்ந்து மறுபடி முயன்றுகொண்டிருந்தாள். அவன் விடுப்பு போட்டிருந்தான். பாலைக் கரைத்து எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனான். அவனைக் கண்டதும் குழந்தை அம்மாவின் மடியிலிருந்து துள்ளி, அவன் பக்கம் இரண்டு கையையும் நீட்டி வீறிட்டது.

"உள்ள வராதீங்க" என்றாள் மனைவி. குரல் தணிந்திருந்தது. "உங்களைப் பாத்தாலே பாட்டில்னு நினைக்கறா. கதவைச் சாத்துங்க."

அவன் சாத்தினான். பால் ஆறிவிடாமல் பாட்டிலைச் சட்டைக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றான். உள்ளே அழுகை ஏறியது, உடைந்தது, மறுபடி ஏறியது. "ஒரே ஒருதடவை கண்ணு, ஒரே ஒருதடவை" என்று மனைவி கெஞ்சுவது இடையிடையே கேட்டது. பிறகு அவள் குரல் நின்றுவிட்டது. அழுகை மட்டும் கேட்டது.

கதவு ஒரு சாண் திறந்தது. முகம் தெரியவில்லை. உள்ளங்கையை விரித்தபடி ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.